மூன்று ஆறு காலால், இரண்டு ஆறு பஸ்ஸில்

வெள்ளி, இரவு 9 மணி, தஞ்சாவூர்

லாட்ஜில் எங்களுக்குக் கிடைத்த அறை இரண்டாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. மொத்தம் 38 படி, எண்ணிவிட்டேன். இன்றைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஞாயிற்றுக்கிழமை 21 கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து ஏறுகிறபோதுதான் 38 என்றால் எவ்வளவு என்று தெரியும். மாரத்தானுக்கு வெளியூர் போகிறவர்கள் ரூம் போடும்போது ஏசி, வைஃபை எல்லாம் பிறகு விசாரியுங்கள். முதலில் கீழ்த்தளத்தில் அறை இருக்கிறதா என்று கேளுங்கள். இது நான் ஓடப்போகும் ஐந்தாவது ஊர். ஐந்தாவது முறையாகக் கேட்க மறந்திருக்கிறேன்.

"கீழ ரூம் மாத்திக் குடுப்பீங்களாண்ணா?" என்றேன் கவுண்டரில்.

"கல்யாண பார்ட்டி மொத்தமாப் போட்டிருக்காங்க மேடம். மேல காத்து நல்லா வரும்."

காற்று வருகிறது. கூடவே பழைய பஸ் ஸ்டாண்டின் ஹாரனும் வருகிறது.

கூட வந்திருப்பவர் எங்கள் வீதி அக்கா. ஸ்கூல் டீச்சராக இருந்து ரிட்டையர் ஆனவர், வயது 61. சர்க்கரைக்காக நடக்க ஆரம்பித்து, நடை மெல்ல ஓட்டமாகி, இப்போது 10 கிலோமீட்டர் ஓடுகிறார். எனக்கு அரை மாரத்தான், 21.1. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். விடிகாலை நாலரைக்கு ஓடினால்தான் உண்டு, அதற்கப்புறம் நாள் முழுக்க நாற்காலிதான்.

கோவை–மயிலாடுதுறை ஜன சதாப்தியைக் காலையில் திருப்பூரில் பிடித்தோம். மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத் தஞ்சாவூர். ஓடப் போகிறவர்களுக்கு பஸ்ஸைவிட ரயில் மேல். நினைத்தபோது எழுந்து நடக்கலாம், தண்ணீர் குடிக்கப் பயப்பட வேண்டாம். ஈரோட்டைத் தாண்டினால் காவிரியும் கூடவே வரும். கொடுமுடிக்கும் புகளூருக்கும் நடுவே ரயில் ஒரு சின்ன ஆற்றைத் தாண்டியபோது அக்கா என் முழங்கையைத் தட்டினார்.

"கண்ணு, நம்ம ஆறு."

நொய்யல். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் காவிரியில் போய் விழுகிறது. திருப்பூர்க்காரர்களுக்கு நொய்யலை நேராகப் பார்ப்பது கொஞ்சம் சங்கடம். எங்கள் சாயத் தண்ணீர் எல்லாம் இதில்தான் போயிற்று. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயம் தேங்கி, கீழ்ப்பக்கத்து விவசாயிகள் கோர்ட்டுக்குப் போய், கடைசியில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம். துணிக்குச் சாயம் போட வழியில்லாமல் ஆர்டர்கள் அந்தரத்தில் நின்றன. கேன்டீனில் உட்கார்ந்து எல்லோரும் விவசாயிகளைத் திட்டினோம். நானும்தான். அதே தண்ணீர் போய்ச் சேரும் நாட்டுக்குத்தான் இப்போது ஓட வந்திருக்கிறேன். இதை அக்காவிடம் சொன்னால், "அதான் ஓடி வந்திருக்கியே" என்பார். சொல்லவில்லை.

மாலையில் நம்பர் வாங்கப் போனோம். நெஞ்சில் குத்திக்கொள்ளும் நம்பர் அட்டை (பிப்), நான்கு ஊக்கு, ஒரு டிசர்ட், ஒரு பிஸ்கட் பாக்கெட். மீடியம் கேட்டிருந்தேன், எக்ஸ்எல் வந்தது. மாற்றிக் கேட்டதற்கு, "எல்லாருக்கும் அதாங்க வந்திருக்கு" என்று பதில். டிசர்ட்டைக் கையில் வாங்கியதும் நான் செய்த முதல் வேலை உள்பக்கம் திருப்பிப் பார்த்தது. பழக்க தோஷம். பாலியஸ்டர், துணியின் கனம் 140 ஜிஎஸ்எம் இருக்கலாம். கழுத்து ரிப் சுருங்கியிருக்கிறது, அக்குளில் ஓவர்லாக் ஒரு இடத்தில் தையல் தப்பியிருக்கிறது. வாஷ் கேர் லேபிளைப் பார்த்தேன். எங்கள் ஊர்ச் சரக்கு. அக்கா சிரித்த சிரிப்பில் வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பினார்கள்.

ராத்திரிக்கு இட்லியும் கடப்பாவும். கடப்பா என்றால் ஆந்திரா ஊர் இல்லை, தஞ்சாவூர்–கும்பகோணம் பக்கத்துத் தொட்டுக்கொள்ளும் சமாசாரம். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, தேங்காய், சோம்பு, கசகசா அரைத்து விட்டு, பட்டை கிராம்பு தாளித்தது. சாம்பாருக்கும் குருமாவுக்கும் நடுவே ஒரு இடத்தில் நிற்கிறது. ஓட்டத்துக்கு முன்னால் புதிதாக எதையும் வயிற்றுக்குக் காட்டக் கூடாது என்பது ஓடுகிறவர்களின் முதல் சட்டம். வெள்ளிக்கிழமை அந்தச் சட்டம் செல்லாது என்று அக்கா தீர்ப்புச் சொல்லி, இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார்.

சனி, மாலை 6 மணி

இன்றைய திட்டம் எளிது: அதிகம் நடக்காமல் பெரிய கோயிலும் அரண்மனையும் பார்த்துவிட்டு, மதியம் சோறு சாப்பிட்டு, மூன்று மணிக்குள் படுத்துவிடுவது. கெடுத்தது நான்தான்.

பெரிய கோயிலுக்குக் காலை ஏழு மணிக்கே போயிருக்க வேண்டும். தூங்கிவிட்டோம். செருப்பைக் கழற்றி உள்ளே நுழையும்போது பதினொன்று தாண்டிவிட்டது. பிப்ரவரி வெயில்தானே என்று நினைத்துவிட்டேன். காற்று குளிராகத்தான் இருந்தது, தரை வேறு கதை. நடப்பதற்கு நார் விரிப்பு போட்டிருக்கிறார்கள். விரிப்பு மேலேயே போய் நந்தியைப் பார்த்து, விமானத்துக்கு வடக்குப் பக்கம் நிழலில் ஒதுங்கினோம். பக்கத்தில் ஒரு கைடு தன் கூட்டத்திடம், "இந்தக் கோபுரத்தோட நிழல் தரையிலயே விழாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவரும் கூட்டமும் நாங்களும் நின்றது அந்த நிழலில்தான். வெயிலுக்கு யாரும் மறுத்துப் பேசவில்லை.

அந்த வடக்குப் பக்கத்து அடிப்பகுதியில்தான் ராஜராஜன் கல்வெட்டு தொடங்குகிறது. "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றும் குடுத்தார் குடுத்தனவும்" என்று எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்ன வரி. எழுத்து எனக்குப் பிடிபடவில்லை. இரண்டு க, ஒரு ன மட்டும் தட்டுப்பட்டன. அக்கா டீச்சர் என்பதால் கொஞ்சம் கூடுதலாகப் படித்தார், பாதி ஊகம். எனக்கு இதைவிடப் பிடித்தது இதே கோயிலில் இருக்கும் இன்னொரு கல்வெட்டின் சேதி. கோயிலில் ஆடல்பாடல் வேலைக்கென்று பல ஊர்களிலிருந்து வரவழைத்த தளிச்சேரிப் பெண்கள் 400 பேரின் பெயரும் அதில் இருக்கிறது. எந்தத் தெரு, தெருவில் எந்தச் சிறகு (வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் எல்லாம் உண்டு. ஆளுக்கு ஒரு பங்கு, வருடத்துக்கு 100 கலம் நெல். எங்கள் கம்பெனி மஸ்டர் ரோலில்கூட இவ்வளவு ஒழுங்கு இல்லை. 1010-இல் கட்டி முடித்த கோயில் இது. ஆயிரம் வருடம் கழித்தும் சம்பளப் பட்டியல் அழியவில்லை.

அதோடு திரும்பியிருந்தால் கால் பிழைத்திருக்கும். 13 நிலை, 216 அடி விமானம் முழுதாக ஒரு படத்தில் வரவேண்டும் என்று செல்போனைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் பின்னாலேயே போனேன். நார் விரிப்பை விட்டு இறங்கியதே தெரியவில்லை. தெரிந்தபோது இருபதடி தள்ளி நின்றிருந்தேன்.

"ஏங் கண்ணு, நாளைக்கு ஓடற காலு அது! ஓடி வா!"

ஓடித்தான் வந்தேன். இடது பாதத்தில் பெருவிரலுக்குக் கீழே சதைப்பற்றான இடம் சிவந்துவிட்டது. நான்கு மாதம் ஒவ்வொரு கிலோமீட்டராகக் கணக்குப் போட்டு ஓடிவிட்டு, கடைசி நாள் போட்டோவுக்காக உள்ளங்காலைச் சுட்டுக்கொண்டேன். படம் சுமார்தான், சூரியன் முன்னால் இருந்தது.

அரண்மனையில் சரஸ்வதி மகால் நூலகத்து அருங்காட்சியகம் மட்டும் பார்த்தோம். இரண்டாம் சரபோஜி வாங்கிச் சேர்த்ததில் ஒரு சின்னப் பகுதியைத்தான் வெளியே வைத்திருக்கிறார்கள். ஓலைச்சுவடி, மராத்தியை எழுதப் பயன்பட்ட மோடி என்ற எழுத்தில் ஆவணம். மனித முகத்தையும் மிருக முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து ஒப்பிடும் படங்கள் முன்னால் நின்று, ஆட்டுமுக மனிதர் எங்கள் பழைய புரொடக்‌ஷன் மேனேஜர் ஜாடை என்று கண்டுபிடித்தேன். கோபுரத்தில் ஏறிப் பார்க்கலாம் என்று அங்கே ஒருவர் ஆசை காட்டினார். சனிக்கிழமை படி ஏறக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஏற முடியாது. அப்படியானால் வெள்ளிக்கிழமையே அரண்மனைக்கு வந்திருக்க வேண்டும். அடுத்து வருகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்: ஏறுவது, இறங்குவது, வெறுங்காலில் சுற்றுவது எல்லாவற்றையும் ஓட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே முடித்துவிட வேண்டும். கல்லணை போக நினைப்பவர்கள் திருச்சியில் இறங்கி, அங்கிருந்து பார்த்துவிட்டு வருவதுதான் பக்கம்.

மதியம் மெஸ்ஸில் இலைச் சாப்பாடு. பரிமாறியவரிடம் காரக் குழம்பு வேண்டாம், பொரியல் வேண்டாம், சோறும் ரசமும் மோரும் போதும் என்றேன். "ஒடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டு, சுட்ட அப்பளம் ஒன்று தனியாகக் கொண்டுவந்து வைத்தார். மூன்றாவது முறை சோறு கேட்டபோது குழம்பிப்போனார்.

பாதத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவியிருக்கிறேன். பிப்பை டிசர்ட்டில் குத்தியாயிற்று, என் சொந்த டிசர்ட்டில். எக்ஸ்எல் போட்டு ஓடினால் பாதி வழியில் பாய்மரம் மாதிரி ஆகிவிடும். அலாரம் 3.15.

ஞாயிறு, இரவு 8 மணி

முடித்துவிட்டேன். 2 மணி 47 நிமிடம். போன வருடத்தைவிட ஒன்பது நிமிடம் அதிகம். அந்த ஒன்பது நிமிடம் எங்கே போனது என்று எனக்குத் தெரியும், கீழே சொல்கிறேன்.

மூன்றரைக்கு அறையில் இரண்டு பூவன் பழம், அக்கா ஊரிலிருந்து கொண்டுவந்த எள்ளுருண்டை ஒன்று. ஜெல் பாக்கெட் வாங்கும் கட்சி இல்லை நான். இரண்டு எள்ளுருண்டையை இடுப்புப் பையில் போட்டுக்கொண்டேன். ஐந்து மணிக்கு 21-காரர்களை விட்டார்கள், ஐந்தரைக்கு 10.

பாதை திருவையாறு சாலை. ஊரைத் தாண்டினால் பனி. தெருவிளக்கு வெளிச்சம் தரைக்கு வருவதற்குள் அதிலேயே கரைந்துவிடுகிறது. முன்னால் ஓடுகிறவரின் காலடி கேட்கும், ஆள் தெரியாது. 1911-இல் தமிழ்ச் சங்கம் தொடங்கிய கரந்தை இருட்டில் போயிற்று. ஒரு டீக்கடை மட்டும் விழித்திருந்தது. அங்கே முதல் ஆறு, வடவாறு. பள்ளியக்கிரகாரத்தில் வெண்ணாறு. அப்புறம் வெட்டாறு. டெல்டா சமதரை, ஓட சுகம் என்று எல்லோரும் சொல்லி அனுப்பினார்கள். உண்மைதான், ஆனால் ஒவ்வொரு ஆற்றுக்கும் ஒரு பாலம் இருக்கிறது. பாலம் ஏறி இறங்குவதுதான் இங்கத்து மலை. ஆற்றின் பெயர்ப்பலகையை வைத்துத்தான் எவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்று கணக்கு வைத்துக்கொண்டேன். மேட்டூரை ஜனவரி 28 வாக்கில் மூடிவிடுவது வழக்கம் என்பதால் ஆறுகளில் தண்ணீர் சத்தமே இல்லை.

கண்டியூரை நெருங்கித் திரும்ப வேண்டும். சிவன் வீரம் காட்டிய எட்டுத் தலங்களான அட்ட வீரட்டங்களில் ஒன்று கண்டியூர், சிவன் பிரமன் தலையைக் கொய்த இடம். திரும்பும் இடத்தில் கூம்பு ஒன்று வைத்து, பக்கத்தில் ஒரு பையன், திரும்பியதற்கு அடையாளமாக ஓடுகிறவர்கள் கையில் பச்சை ரப்பர் பேண்டு மாட்டிக்கொண்டிருந்தான். பாதம் அதுவரை சும்மா இருந்தது. திரும்பியதும் எரிய ஆரம்பித்தது.

பொழுது விடிந்துவிட்டதால் திரும்பி வரும்போதுதான் வந்த வழியைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் சம்பா அறுவடை. பாதி வயல் வெறும் தாள், பாதி வயல் பழுத்துச் சாய்ந்து நிற்கிறது. அறுவடை மெஷின் ஒன்று பனி விலகட்டும் என்று வரப்போரம் நின்றிருந்தது. 14-ஆவது கிலோமீட்டர் தண்ணீர் மேசையில் தண்ணீர் தீர்ந்துவிட்டிருந்தது. காலி கேன்களும், மன்னிப்புக் கேட்கிற முகத்தோடு இரண்டு காலேஜ் பிள்ளைகளும்தான் மிச்சம். முன்னால் போனவர்களில் பாதிப்பேர் பாட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனார்களாம். மெதுவாக ஓடுகிறவர்களுக்கு இது எல்லா ஊரிலும் நடக்கும். காவிரி நாட்டில் நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நூறடி தள்ளி ஒரு டீக்கடையில் சொம்பில் கொடுத்தார்கள். "உப்புப் போடட்டா தங்கச்சி?" என்று கேட்டே கொடுத்தார் கடைக்காரர். மாரத்தான் தெரியாவிட்டாலும் வெயிலில் வேலை செய்கிறவனுக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று தெரிந்தவர். மூன்று நிமிடம் அங்கே போயிற்று.

மீதி ஆறு நிமிடம் நெல்லில். சாலையின் ஒரு பாதி முழுக்கத் தார்ப்பாயால் மூடிய நெல் குவியல்கள். ராத்திரி பனிக்கு மூடியதைக் காலை வெயிலுக்குத் திறந்துகொண்டிருந்தார்கள். ஈரம் அதிகமாக இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் தார்ச்சாலைதான் களம். வயதான ஒரு அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நெல்லுக்குள் பாதத்தைத் தேய்த்தபடியே நடந்துகொண்டிருந்தார். பாதத்தைத் தூக்கவே இல்லை. ஒரு கால், அதன் பக்கத்தில் மறு கால், பின்னால் இரண்டு நேர் கோடு. கோட்டுக்குக் கோடு அடிநெல் மேலே வருகிறது. ஒரு முனைவரை போய்த் திரும்பி, போன கோட்டை உரசினாற்போல அடுத்த கோடு. அந்த வேகம் மாறவே இல்லை. நான் நடைக்கு வந்திருந்தேன். எதிரே டிராக்டர் வந்தது, ஒதுங்க இடமில்லாமல் நெல் மேல் ஒரு காலை வைத்தேன்.

"அம்மாடி, மிதி, பரவால்ல. செருப்புக் காலோட மிதிக்காத."

அவருக்கு என் ஷூவும் செருப்புதான். எட்டாயிரம் ரூபாய் செருப்பு. குனிந்து கழற்ற முடியாது, உட்கார்ந்தால் எழ முடியாது. அவர் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ஒரு கையால் அவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு ஷூவையும் கழற்றி, நெல் மேல் ஒரு நாற்பதடி நடந்தேன். மேலே வெதுவெதுப்பு, உள்ளே பனியின் சில்லிப்பு. சுட்டுக்கொண்ட இடத்துக்கு எண்ணெயைவிட அது சுகமாக இருந்தது. "எரியுதா? இன்னொரு நடை நடந்துட்டுப் போ, நெல்லும் காயும்" என்றார். இன்னொரு நடை நடந்தேன். அந்த நேரத்தில் என் வயதுக்கார ஆள்கள் பதினைந்து பேராவது என்னைத் தாண்டிப் போனார்கள்.

மைதானத்தில் அக்கா 1 மணி 24 நிமிடத்தில் பத்தை முடித்துவிட்டு, மெடலோடு, எனக்கென்று ஒரு பொட்டலம் இட்லியை மடியில் வைத்துக் காத்திருந்தார்.

"எங்க கண்ணு போன? திருவையாத்துக்கே போயிட்டயா?"

"நெல்லு காய வெச்சிட்டு வந்தேனுங்க்கா."

38 படி. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினேன். கல்யாண வீட்டுக் குழந்தை ஒன்று என்னைப் பார்த்து அதே மாதிரி ஏறிக் காட்டியது.

மாலையில் அக்கா படுக்க விடவில்லை. படுத்தால் கால் கட்டையாகிவிடும், மெல்ல அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர் வைத்தியம். அதனால் காலையில் ஓடிய அதே சாலையில் பஸ். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு மூன்றையும் பத்து நிமிடத்துக்குள் பஸ் தாண்டியபோது கொஞ்சம் அவமானமாக இருந்தது. கண்டியூரைத் தாண்டிக் குடமுருட்டி, அப்புறம் காவிரி. ஐந்தும் ஆயிற்று, திருவையாறு. மூன்றைக் காலால் தாண்டினேன், இரண்டை டிக்கெட் வாங்கி.

பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர். வழியில் ஒரு வயலில் இருவர் நிற்கிற நெல்லுக்குள் எதையோ வீசிக்கொண்டு போனார்கள். உரமா என்று கேட்டேன். "உளுந்தும்மா. அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கறப்பவே நெல்லுக்குள்ள தெளிச்சிடுவோம். இருக்கற ஈரத்துலயே முளைச்சுக்கும். உழவு கெடையாது, தண்ணி கெடையாது." எந்த ஊர் என்று கேட்டார். திருப்பூர் என்றேன். ரயிலில் தோன்றிய சங்கடம் திரும்ப வந்தது. நொய்யல், சாயம் என்று ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர், "என் பேரன் அங்கதான் இருக்கான். டெய்லர். அவிநாசி ரோட்டுல. உங்க கம்பெனியில ஆள் எடுக்கறாங்களா?" என்றார். இறங்கும்வரை பேரனின் சம்பளம், ஓவர்டைம், அறை வாடகை எல்லாவற்றையும் விசாரித்தார். நானும் தெரிந்ததைச் சொன்னேன். நிலத்தை யார் பார்ப்பது என்று நான் கேட்டதற்கு மட்டும், "பாப்போம்" என்றார்.

திருவையாற்றில் தியாகராஜர் சமாதிப் பக்கம் கூட்டமே இல்லை. ஆராதனை ஜனவரியோடு முடிந்துவிட்டது. எதிரில் பெங்களூர் நாகரத்தினம்மாள். தன் நகைகளை விற்று இந்த இடத்தைக் கோயிலாக எடுத்துக் கட்டியவர். ஆராதனையில் பெண்கள் பாடக் கூடாது என்றிருந்த காலத்தில் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியாகவே நடத்திக் காட்டியவர். சமாதியைப் பார்த்தபடி சிலையாக உட்கார்ந்திருக்கிறார். அவர் எதிரில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தேன், பாதி பக்தி, பாதி தொடைவலி.

ஐயாறப்பர் கோயிலில் தென்மேற்கு மூலையில் நின்று "ஐயாறா" என்று கூப்பிட்டால் ஏழு முறை எதிரொலிக்கும் என்பார்கள். அக்கா வகுப்பறைக் குரலில் கூப்பிட்டார். எனக்கு நாலு கேட்டது. அவருக்கு ஏழும் கேட்டதாம்.

அசோகா சாப்பிடாமல் திருவையாற்றை விட்டு வரக் கூடாது. பாசிப்பருப்பை வேகவைத்து மசித்து, நெய்யில் வறுத்த கோதுமை மாவும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டுவது. அல்வா மாதிரிக் கையோடு இழுக்காது, தொண்டையில் தானாக இறங்கும். சுடச்சுட வாங்கி அங்கேயே நின்று சாப்பிட வேண்டும். நான் இரண்டு தரம் வாங்கினேன். 1,500 கலோரி எரித்திருக்கிறாய் என்று வாட்ச் சொல்கிறது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாட்ச்சை நம்புகிறேன்.

கடைசியில் படித்துறை. படி இறங்க முன்பக்கமாக முடியவில்லை. திரும்பி, ஏணியில் இறங்குவது போலப் பின்பக்கமாக இறங்கினேன். ஆற்றில் நடுவே மணல், கரையோரம் முழங்கால் அளவுக்குக் குட்டையாகத் தேங்கிய தண்ணீர். பாதத்தை விட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். அக்கா என் இடது பாதத்தைத் தூக்கி, மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "கொப்புளம் ஒடையல. ஒடைக்காத" என்றார்.

திங்கள், ரயிலில்

காலையில் லாட்ஜைக் காலி செய்துவிட்டுக் கும்பகோணம் பஸ். சுவாமிமலை கோயிலுக்கு 60 படி, தமிழ் வருடங்களின் பெயரில். அக்கா பிரபவ, விபவ என்று சொல்லிக்கொண்டே ஏறிப் போனார். ஓட்டத்துக்கு மறுநாள் எனக்கு இன்னொரு படி வேண்டாம். முருகன் தப்பாக நினைக்க மாட்டான் என்று கீழேயே நின்று கும்பிட்டுவிட்டு, பக்கத்துத் தெருவில் ஐம்பொன் சிலை செய்யும் பட்டறையில் போய் உட்கார்ந்தேன். போனது பத்து நிமிடத்துக்கு, இருந்தது ஒன்றரை மணி நேரம்.

ஸ்தபதி ஒரு நடராஜருக்கு மெழுகில் விரல் செய்துகொண்டிருந்தார். தேன்மெழுகோடு குங்கிலியம் கலந்தது. பக்கத்தில் ஒரு சட்டியில் தண்ணீர், இன்னொன்றில் தணல். கம்பியைச் சூடாக்கி ஒரு இழுப்பு, தண்ணீரில் ஒரு முக்கு, விரலின் கணு வந்துவிட்டது. அளவுக்கு ஸ்கேல் இல்லை. சிலை எவ்வளவு உயரமோ அந்த நீளத்துக்கு ஒரு தென்னை ஓலை நறுக்கு, அதில் மடிப்பு மடிப்பாகக் கோடு. முகம் இத்தனை பங்கு, கழுத்து இத்தனை, தொடை இத்தனை. "ரெண்டடி சிலைக்கு ஓலை சின்னது, ஆறடிக்குப் பெரிசு. மடிப்பு மாறாது" என்றார்.

எனக்குச் சட்டென்று பிடிபட்டது. எங்கள் தொழிலில் இதற்குக் கிரேடிங் என்று பெயர். ஒரு மீடியம் பேட்டர்னை வைத்துக்கொண்டு ஸ்மாலும் எக்ஸ்எல்லும் வெட்டுவது. நாங்கள் சாஃப்ட்வேர் வைத்துச் செய்கிறோம், அப்படியும் தோள் சரியாக வருவதில்லை. பையிலிருந்து மாரத்தான் டிசர்ட்டை எடுத்து, இதில் கழுத்து எங்கே தப்பாகப் பெருத்திருக்கிறது என்று காட்டினேன். அவர் வாங்கி, ஓலையை விட்டுவிட்டு விரலை மடக்கி அளந்து, "தோளுக்குக் குடுத்ததைக் கழுத்துக்கும் குடுத்துட்டாங்க" என்றார். சரியான தீர்ப்பு. எங்கள் க்யூசி ஆள், தரம் பார்ப்பவர், சொல்லியிருக்க வேண்டியது.

மெழுகு உருவத்தின் மேல் முதலில் பூசுவது வண்டல் மண். காவிரிக் கரையில் எடுத்தது, மாவு மாதிரி நைசாக அரைத்துக் குழைத்தது. மெழுகில் இருக்கும் நகக்கீறல்கூட மண்ணில் ஒட்ட வேண்டும். அதற்கு மேல் கொஞ்சம் கரடான மண், அதற்கு மேல் மணல் கலந்தது, கம்பி கட்டி, நிழலில் காயவைத்து, சூடு காட்டி மெழுகை வடித்துவிட்டு, உருக்கிய உலோகத்தை ஊற்றுவது. ஒரு மண்ணுக்கு ஒரு சிலைதான், மண்ணை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அந்த மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து விரலுக்கு நடுவே தேய்த்துப் பார்க்கக் கொடுத்தார். பவுடர் மாதிரி இருந்தது. "மேல இருந்து வர்ற மண்ணு. இந்த நைசு வேற எங்கயும் கெடையாது" என்றார். மேல இருந்து என்றால் எங்கள் பக்கத்திலிருந்தும்தான். நொய்யலும் தன் பங்குக்குக் கொண்டுவந்திருக்கும், நல்லதும் கெட்டதுமாக. இந்த முறை வாயைத் திறந்து சொல்லியேவிட்டேன். அவர் வேலையிலிருந்து தலையைத் தூக்காமல், "கெட்டது இருந்தா வார்ப்புல காட்டிக் குடுத்துடும்மா. ஊசி ஓட்டை விழும். நாங்க சலிச்சு, ஊறவெச்சு, வடிச்சுத்தான் எடுக்கறோம்" என்றார்.

தாராசுரத்துக்கு ஒரு மணி நேரம்தான் ஒதுக்க முடிந்தது. அது குறைச்சல். இரண்டாம் ராஜராஜன் காலத்துக் கோயில், பெரிய கோயிலுக்கு உயரம் என்றால் இதற்கு நுணுக்கம். காளைக்கும் யானைக்கும் ஒரே தலையை வைத்துச் செதுக்கிய கல்லைத் தேடிக் கண்டுபிடித்தோம். ஒரு பக்கம் மூடினால் யானை, மறுபக்கம் மூடினால் காளை. காலை ஒன்பதரைதான், கல் இன்னும் சுட ஆரம்பிக்கவில்லை, இருந்தும் நான் சாக்ஸோடு நடந்தேன். கும்பகோணத்தில் சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் இருந்த வீட்டையும் பார்த்தாயிற்று. ஜன்னலோரக் கட்டில் முன்னால் அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். முப்பத்திரண்டு வருடம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். மகாமகக் குளத்தை ஆட்டோவிலிருந்தே பார்த்தோம், 2028-இல் வந்து பார்த்துக்கொள்ளலாம். டிகிரி காபியைப் பித்தளை டபராவில் ஆற்றிக் குடித்தோம். நன்றாக இருந்தது. ஊர் முழுக்கப் பலகையில் எழுதிவைக்கும் அளவுக்கா என்றால், பாலில் தண்ணீர் இல்லை, அதுவரை சரி.

பிற்பகல் ரயில். திருச்சியில் கூட்டம் ஏறி, கரூரில் பாதி இறங்கிவிட்டது. தஞ்சாவூரில் வாங்கிய தலையாட்டி பொம்மை அக்காவின் மடியில். பேத்திக்கு. புகளூரும் தாண்டியாயிற்று, வெளியே இருட்டு. சக்கரச் சத்தம் மாறியதை வைத்துத்தான் பாலம் வந்ததே தெரிந்தது. நம்ம ஆறு என்று எழுப்பலாம் என்று திரும்பினேன். காலியாகிவிட்ட சீட்டில் இரண்டு காலையும் நீட்டி வைத்து அக்கா தூங்குகிறார். பொம்மையும் அவரும் ஒரே பக்கமாகத் தலையாட்டுகிறார்கள். திருப்பூர் ஸ்டேஷனில் மேம்பாலப் படி ஏற வேண்டியிருக்கும். அதுவரை தூங்கட்டும்.